நான் திருப்பிய மருந்துப் பில்

மார்ச் மாதத்தில் கருவூலக் குமாஸ்தாவுக்கு உடம்பு என்று ஒன்று கிடையாது. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. வருஷக் கடைசி அலுப்பு என்று சுக்குக் கஷாயம் குடித்து ஒப்பேற்றினேன். மே மாதம் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தென்காசியில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கருவூலம் என்று சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர், வலது நுரையீரலின் மேல்பகுதியில் காசநோய் (சயரோகம் என்று நாம் வாய்க்குள் முணுமுணுப்போமே, அதுதான்) என்றார். தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட வேண்டும்.

"பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அப்புறம் மருந்து கேட்காது."

அருவிக் குளியலும் கூடாது என்றார். சாரல் தொடங்கி ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போக, நான் போர்வைக்குள் கிடந்தேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து. பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். நாலு வாரத்தில் இருவருக்கும் இருமல் தணிந்து பசி எடுத்தது. அப்போதுதான் ஒரு காலை கம்பவுண்டர் வெறுங்கையோடு வந்தார். மருந்து தீர்ந்துவிட்டது.

டாக்டரைக் கேட்டேன். "மார்ச்சில் அனுப்பின மருந்துப் பில்லைக் கருவூலத்தில் திருப்பிட்டாங்க. சரிசெய்றதுக்குள்ள முப்பத்தொண்ணாம் தேதி போச்சு, ஒதுக்கின பணமும் காலாவதி. பழைய பாக்கி தீராம கம்பெனிக்காரன் புது மருந்து அனுப்ப மாட்டேங்கிறான்."

அந்தப் பில்லைத் திருப்பியவன் நான். சரக்கைப் பதிவேட்டில் ஏற்றிய சான்று இல்லை என்று சிவப்பு மையில் எழுதினேன். ஆள் அனுப்பி ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாம்; தோன்றவேயில்லை. கறாரான ஆள் என்று பாராட்டுக்கூடக் கிடைத்தது.

டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர், "திருப்பத் தெரிஞ்சவருக்கு நிறைவேத்தவும் தெரியணுமே," என்றார்.

என் மனைவி கோமதியிடமும் சொன்னேன். அவள் வளையலைக் கழற்றிவிட்டாள். "திருநெல்வேலியில இத வித்து ஒங்களுக்கு மருந்து வாங்கிட்டு வாரேன்."

"வார்டுல எல்லாருக்கும் வரட்டும்."

"அடுத்தவுக மருந்த நிறுத்துனது போதாதுன்னு ஒங்க ஊசியையும் நீங்களே நிறுத்துதியளோ?"

அவள் அழுதாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் மறுத்தேன். வீம்பு என்றால் வீம்புதான்.

அவசரத்துக்கு ஆஸ்பத்திரியே கடையில் மருந்து வாங்க விதி உண்டு. தணிக்கைக்குப் பயந்து யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்த விதியைக் காட்டி, இரண்டு நாள் தலையணையில் சாய்ந்தபடி விண்ணப்பம் எழுதினேன். என்னைப்போல ஒருவன் என்னென்ன கேட்பான் என்று யோசித்து, அத்தனை சான்றும் சேர்த்தேன். டாக்டர் கையெழுத்திட, கம்பவுண்டர் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒன்பதாம் நாள் மருந்து வந்தது.

நடுவில் ஒருநாள் சுடலைமுத்துவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப நீங்க சாவக்கூடாது அண்ணாச்சி. ஒங்க எடத்துக்குப் புதுசா வாரவன் இன்னும் நாலு சான்று கேப்பான்லா," என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்து இல்லை என்றால் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். காகிதம் எந்த மேஜையில் கிடக்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.

ஒரு வருஷத்தில் நான் எழுந்துவிட்டேன். படியேறினால் வலப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். நின்று நின்றுதான் ஏறுகிறேன். சுடலைமுத்துவுக்கு மருந்து கேட்கவில்லை. அந்த இடைவெளிதான் காரணமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. எனக்குச் சந்தேகமில்லை. இரண்டாவது சாரலும் முடிந்த பிறகே வீடு திரும்பினார். இனி மூட்டை தூக்க முடியாது. சந்தையில் உட்கார்ந்து சாக்குத் தைக்கிறார்.

ஒன்பது நாள் என்பது கோப்பில் ஒரு வரி. அவர் ஊசியில் நூல் கோத்து, மூச்சு வாங்கி, அடுத்த தையலுக்குக் கை நீட்டும்வரை பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அது எவ்வளவு நீளம் என்று அங்கேதான் தெரிகிறது.