சித்தி நடித்த காட்சி

என் சித்தப்பா குழாய் மெக்கானிக். அடைத்துக்கொண்ட கழுவுதொட்டியில் கையை விட்டால் என்னென்ன வெளியே வரும் என்பது அவருக்கு அத்துப்படி. அதை வைத்துத்தான் படம் எடுப்பார். குளியலறை வடிகாலில் அடைத்த தலைமுடிச் சுருளிலிருந்து கிளம்பும் பேய், செப்டிக் டேங்கில் குடித்தனம் நடத்தும் பிசாசு, எல்லாம் செல்போனில். பிஸ்கட்டை ஊறவைத்துப் பச்சைச் சாயம் கலந்தால் வாந்தி. பசையைத் தண்ணீரில் கரைத்தால் சளி. கூட்டாளிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பார்கள், வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சித்தி மட்டும் பார்க்க மாட்டார். "வேலையிலதான் அந்த நாத்தம். வீட்டுக்கும் கொண்டு வரணுமா?"

சித்திக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு சித்தப்பா படம் எடுக்கவில்லை. மருந்து ஏற்றி வந்தால் சித்தி கட்டிலை விட்டு இறங்க மாட்டார். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி. பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்காதது போலவே பழத்தை வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஒரு மதியம் சித்தி, சித்தப்பாவின் பழைய படமொன்றைப் போனில் பார்த்தார். பேய் வாந்தியெடுத்தது. வாளியை மடியில் வைத்தபடியே சித்தி சிரித்தார். பிறகு, "இது தப்புங்க," என்றார். "எடுத்த எடுப்புல கொட்டாது. முதல்ல வாயில தண்ணி ஊறும். அப்புறம் காது அடைக்கும். அப்புறம்தான்."

"போதும், அணைச்சிடு."

"நான் நடிச்சுக் காட்டறேன்."

சித்தப்பா வாளியை வாங்கிக்கொண்டு கழுவப் போனார்.

இனி மருந்தால் பலனில்லை என்று டாக்டர் கைவிரித்த மறுநாள், சித்தி மறுபடி ஆரம்பித்தார். "எழுந்து நிக்கத் தெம்பிருக்கும்போதே எடுத்துடுங்க. என்னைப் பார்த்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. இதுல பார்த்தாலாவது சிரிப்பாங்க."

குளியலறையில் படப்பிடிப்பு. சித்தப்பாவோடு வேலை பார்க்கும் வெல்டர்தான் பேய், காலியான தண்ணீர்த் தொட்டிக்குள் படுத்துக்கொண்டார். கதாநாயகி வாந்தியெடுத்தே அதை விரட்ட வேண்டும். வெல்டர் நீட்டிய டோப்பாவைச் சித்தி வாங்கவில்லை. "எதுக்கு? மொட்டையப் பார்த்துப் பேய்தான் பயப்படட்டும்."

"அண்ணி, பார்த்து. என் மேல பட்டா மேக்கப் கலைஞ்சிடும்."

"பட்டாதான்டா சீன்."

பிஸ்கட் கூழை வாயில் வாங்கினார். பேய் தலையைத் தூக்குவதற்குள் நிஜமாகவே வந்துவிட்டது. நிற்காமல் வந்தது. சித்தப்பா போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் நெற்றியைத் தாங்கினார். வெல்டர் சாயம் பூசிய முகத்தோடு தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மூச்சு திரும்பியதும் சித்தி கேட்டார்: "எடுத்தீங்களா?"

"இல்ல."

"ஏங்க விட்டீங்க? அவ்வளவு நல்லா வந்துச்சே."

"என்னால முடியல."

"என்னால மட்டும் முடியுதா? ஊரான் வீட்டு அடைப்பெல்லாம் எடுத்தப்ப மூஞ்சியச் சுளிச்சிருக்கீங்களா? இன்னும் ஒரு தடவ. அவ்வளவுதான்."

சித்தப்பா மீண்டும் பிஸ்கட்டைக் கரைத்தார். சித்தி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் கூழோடு நின்றார். போன் நடுங்கியது. சித்தியால் பேச முடியவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்து, நேராகப் பிடிக்கும்படி காட்டினார்.

சித்தப்பா இரண்டு கைகளாலும் போனை இறுக்கிக்கொண்டார். "எழுந்திரிடா," என்றார் பேயிடம்.