லாட்ஜ் விரிப்பில் வரைந்த படம்

அந்தப் புத்தகம் அழுக்குத் துணி மூட்டைக்குள் வந்தது. மலையாளக் கரை மட்டாஞ்சேரியில் எங்கள் தமிழ்க் குடும்பம் லாட்ஜுகளுக்குத் துணி வெளுக்கிறது. அம்மா துவைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். மூட்டையில் ஒரு ஊக்கு கிடைத்தாலும் அம்மா திருப்பிக் கொடுத்துவிடுவாள். புத்தகத்தையும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். லாட்ஜ் மேனேஜர், "அந்த வெள்ளைக்கார சாய்ப்பு போயாச்சு, நீயே வச்சோ" என்று என்னிடமே தள்ளிவிட்டார்.

எப்போதோ செத்துப்போன ஐரோப்பிய சர்ரியலிச ஓவியர் ஒருவரின் படங்கள். சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன, உள்ளே ஆள் இல்லை. ஒரு சட்டையின் கைவழியாகக் கடல் கொட்டுகிறது. ஆளில்லாத சட்டை என்றால் தொலைந்துபோன தந்தையாம், கீழே விளக்கம் போட்டிருந்தார்கள். அடப்பாவிகளா! விடிந்தால் நான் பார்ப்பதே ஆளில்லாத சட்டைகளைத்தான். துணி காயப்போட எங்களுக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் முனையைச் சொருகிவிடுவோம். காற்றடித்தால் அத்தனை சட்டையும் வயிறு புடைத்து நிற்கும். அதில் எவனுடைய தந்தையும் இல்லை, ஆறாம் நம்பர் அறைக்காரன்தான் இருக்கிறான்.

இவ்வளவு ஏளனம் பேசியவள் சும்மா இருந்தேனா? நான் தினமும் பார்ப்பதைக் கனவு என்று சொல்லி ஒருவன் பேர் வாங்கிவிட்டானே என்ற வயிற்றெரிச்சலில் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். முதலில் பழைய சேலையில் வரைந்தேன். சாயம் ஊறிக் கறைதான் மிச்சம். நல்ல கெட்டித் துணி வேண்டியிருந்தது. அதே லாட்ஜுக்கு வெளுத்து வைத்திருந்த அடுக்கிலிருந்து ஒரு படுக்கை விரிப்பை உருவினேன். அத்தனையில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவள் நினைக்கிற நினைப்பா இது! கலைஞியாம், மண்ணாங்கட்டி.

மறுநாளே தெரிந்துவிட்டது. அம்மா எல்லாக் கயிற்றையும் தேடினாள், அக்கம்பக்கத்து மூட்டைகளைக் கெஞ்சிக் கேட்டு அவிழ்த்துப் பார்த்தாள். அந்த வாரமே லாட்ஜ் எங்களுக்குத் துணி கொடுப்பதை நிறுத்தியது. கூடத் துவைக்கிற பெண்கள் அவள் காதுபடவே "விரிப்பு எடுத்தவ" என்றார்கள். விரிப்போ எங்கள் பீரோவுக்குப் பின்னால் பாதி வரைந்தபடி இருந்தது. படம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நான் வாயைத் திறக்கவே இல்லை.

படம் முடிந்தது. கயிறு நிறையச் சட்டைகள், ஒவ்வொரு காலருக்கு மேலும் தலைக்குப் பதிலாக ஓர் இஸ்திரிப் பெட்டி. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு பழைய மிளகுக் கிடங்கைக் கழுவிவிட்டு உள்ளூர்க்காரர்களின் கண்காட்சி வைத்தார்கள். என் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விரிப்பின் மூலையில் அம்மா அழியாத மையால் போட்ட குறி இருந்தது, இரண்டு புள்ளியும் குறுக்கே ஒரு கோடும். எந்தத் துணி எந்த லாட்ஜுடையது என்று பிரிக்கத்தான் அந்தக் குறி. அந்த மூலையை நான் பின்பக்கம் மடித்துத் தைத்திருந்தேன். கண்காட்சியை நடத்திய மேதாவி தையலைப் பிரித்து அதை வெளியே இழுத்துவிட்டார்.

"எப்பேர்ப்பட்ட குறியீடு! இரண்டு கண்கள், நடுவே பிரிவினை" என்றார். இஸ்திரிப் பெட்டி ஏகாதிபத்தியமாம். என் கையைப் பார்த்திருந்தால் அது வெறும் சூட்டுக் காயம் என்று தெரிந்திருக்கும். கதர் ஜிப்பாக்காரர்கள் நாலு பேர் தலையாட்டினார்கள். ஆட்டத்தானே தலை.

திறப்பு நாளன்று நான் அழைக்காமலே அம்மா வந்துவிட்டாள். சட்டைகளையும் பார்க்கவில்லை, இஸ்திரிப் பெட்டிகளையும் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போய் அந்தக் குறியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, கையை எடு. தொடக் கூடாதாம்" என்றேன்.

"மிண்டாம வாய மூடிட்டு இருடி. லாட்ஜுக்காரங்க யாராவது வந்து பாத்தா?"

மேதாவி ஓடிவந்து, "அம்மா அப்படியே நிற்கட்டும், அற்புதம்!" என்றார். ஆளாளுக்கு போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கால் மாற்றி மாற்றி நின்றாளே தவிர அம்மா கையை எடுக்கவில்லை.

பொறுக்க முடியாமல் மேதாவியிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். "இது லாட்ஜ் விரிப்பு. நான் திருடினது. பழி எங்க அம்மா மேல விழுந்துச்சு" என்று மலையாளத்தில் கத்தினேன். கிடங்கே அதிரக் கைதட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் கலை என்று நினைத்துவிட்டார்கள், கூறுகெட்ட ஜென்மங்கள். படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு, அம்மா தடுக்கத் தடுக்க நேரே லாட்ஜுக்குப் போனேன்.

மேனேஜரின் மேசைமேல் விரிப்பை விரித்துக் குறியைக் காட்டினேன். "சேட்டா, இது உங்க விரிப்பு. எடுத்தது நான். அம்மாவுக்கு இதுல ஒரு பங்கும் இல்ல."

அவர் விரிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன் அம்மை அன்னைக்கே வந்து பறஞ்சாளே, ஆசைப்பட்டு ஞான்தான் எடுத்தேன்னு. இங்க நின்னு கைகூப்பி அழுதா."

அப்படியானால் தேடிய அன்றைக்கே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பீரோவைத் தள்ளிப் பெருக்குகிறவள் அவள்தானே.

"இல்ல சேட்டா, சத்தியமா நான்தான்."

"அம்மையோட பேரைக் காப்பாத்த வந்திருக்கே, அல்லே? நல்ல மோளு. இப்படியொரு மோளு எனக்கு இல்லாம போச்சே."

அம்மா மேல் ஆணையாகச் சத்தியம் செய்தேன். அவர் நம்பவே இல்லை. துணியெல்லாம் இப்போது தோப்பும்படியில் மெஷின் வைத்துத் துவைக்கிறவனுக்குப் போகிறதாம், இனி மாற்ற முடியாதாம். வருத்தப்பட்டுக்கொண்டே எனக்கு ஒரு சாயா வரவழைத்தார். வெட்கங்கெட்டவள், அதைக் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.