ஆனி மாதத்திலும் அடுப்புப் பேச்சு

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நான்கு பிள்ளைகள், வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் தங்கை கமலத்தின் மகன் குமரன். ஊரில் நடந்த சண்டைக்குள் அகப்படக் கூடாதென்று சிறுவனாக இருக்கும்போதே அவள் என்னிடம் அனுப்பி வைத்தவன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெல்லத்தான் போகும். ஆனால் வேலை என்று வந்தால் என்னை யாரும் சும்மா வைத்திருந்து சம்பளம் தந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

1. பை உருகிய நாள்

பனி கொட்டும் இந்த நாட்டில், மில்லிக்கன் என்ற ஊரின் ஒரு கடைத்தொகுதியில் ரவி என்ற தம்பி பெலற் அடுப்புக் கடை வைத்திருந்தார். பெலற் என்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னத் துண்டுகள். பார்த்தால் கோழித்தீன் போலவே இருக்கும். அடுப்பின் மேல் பெட்டியில் கொட்டிவிட்டால், உள்ளே ஒரு திருகுக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக அதை எரிசட்டிக்குள் தள்ளும். அந்தக் கம்பிக்கு ஓகர் என்று பெயர். ஃபான் தானாகவே காற்று ஊதும். புகைக்குள் குனிந்து ஊதி ஊதிக் கண் சிவந்த எனக்கு அது பெரிய புதினம்.

கடை கூட்டுவது, தேத்தண்ணி வைப்பது, காட்சிக்கு எரியும் அடுப்பின் சாம்பலை அள்ளுவது, இவைதான் என் வேலை. முதல் நாளே அந்தச் சாம்பலில் எனக்கு ஆசை வந்துவிட்டது. கோதுமை மா போல அவ்வளவு மெல்லிசு. மீன் வெட்டும்போது வழுக்காமல் பிடிக்கவும் சட்டி தேய்க்கவும் அதைவிட நல்லது கிடைக்காது. மரக்கறி வாங்கிய பை ஒன்றில் அள்ளி, என் கோட்டுக்குக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கருகல் மணம் வந்தது. பை உருகி, காப்பெற் கருகி, கோட்டின் ஓரமும் போய்விட்டது.

ரவி ஓடி வந்தார். "அன்ரி, உதென்ன உது?"

"சாம்பல், தம்பி. மீன் வெட்ட."

"உதுக்குள்ளை நாளைக்கும் தணல் கிடக்கும். மூடி போட்ட இரும்பு வாளியிலைதான் போட வேணும். என்ரை கடையை எரிச்சுப்போட்டோ மீன் வெட்டப் போறியள்?"

ஏசினாரே தவிர வேலையால் நிற்பாட்டவில்லை. அடுத்த கிழமை தொடக்கம் அடுப்பைக் கழற்றித் துப்புரவாக்கவும் பழக்கினார். எரிசட்டியின் ஓட்டைகளைக் குத்தி எடுப்பது, புகைக்குழாயைத் தட்டுவது, கதவு இடுக்கால் புகை வராமல் அடைக்கும் கஸ்கெற் கயிறு மாற்றுவது எல்லாம் அந்த மாரிக் குளிருக்குள்ளேயே என் கைக்கு வந்துவிட்டது.

2. சனிக்கிழமைக்காரர்

சனிக்கிழமை காலையில் கடைக்கு இரண்டு பேர் தவறாமல் வருவார்கள். சாமான் வாங்குவது குறைவு, கதைப்பது கூட. ஒருவர் யோகன், பிறம்ரன் என்ற ஊரில் ட்றக் ஓட்டுபவர். அடுப்பின் மேல் பெட்டி சின்னது என்று எண்ணெய் வரும் பெரிய இரும்புப் பரல் ஒன்றை வெட்டி அதன்மேல் ஒட்டி வைத்தவர். மற்றவர் பாலாஜி, தமிழ்நாட்டுப் பிள்ளை, மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் கொம்பியூட்டர் வேலை. பழைய கொம்பியூட்டரின் ஃபானைக் கழற்றி அடுப்புக்குப் பூட்டியவர்.

"யோகன் அண்ணா, நீங்க வாங்குற பெலட்ல பாதி தூசி. வேற கம்பெனி பாருங்க, கண்ணாடி இப்படிக் கறுக்காது."

"உம்மடை அடுப்பு சூடு தந்து நான் இன்னும் காணேல்லை. போன கிழமை உம்மடை வீட்டிலை ஜக்கெற்றோடைதானே சாப்பிட்டனான்."

"அன்னைக்கு ஃபேன் ஸ்பீட் செட் பண்ணிட்டிருந்தேன்."

"ரெண்டு மாரியா செற் பண்ணுறீர், ஐசே."

நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே சிரிப்பேன்.

சண்டை முடிந்த அந்த வருசம், தை மாதத்தில் ஒரு காலை, கமலம் கடைக்குப் போன் எடுத்தாள். வன்னிக்குள் இருந்து. இரைச்சலுக்குள் அவள் குரல்.

"அக்கா, நேரமில்லை. எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டம். உங்கடை வீட்டு நம்பர் எழுதின துண்டும் துலைஞ்சு போட்டுது. இந்தக் கடை நம்பர்தான் மனப்பாடம். நீங்கள் அங்கைதானே நிப்பியள்?"

"இஞ்சைதான் நிப்பன், பிள்ளை."

அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

வீட்டில் நாள் முழுக்க ரீவி ஓடும். குமரன் அதற்கு முன்னால் சாப்பிடாமல் இருப்பான். வருகிறவர்கள் எல்லாம் "தங்கச்சியிட்டை இருந்து புதினம் ஏதும் வந்ததோ?" என்று கேட்பார்கள். கடையில் ரவியும் அந்த இரண்டு பேருமாக மூன்று பேரும் கேட்கவே மாட்டார்கள். போன் மணி அடித்தால் மட்டும் பேச்சை நிறுத்துவார்கள். எனக்கில்லை என்று தெரிந்ததும், விட்ட இடத்திலிருந்து ஓகரைப் பற்றித் தொடருவார்கள். அந்தப் பேச்சுக்குள்தான் நான் மூச்சு விட்டேன்.

3. பனி போன பிறகு

சித்திரை வந்தால் ரவி கடையைப் பூட்டிவிட்டு கூரைகளில் ஏறி ஏசி பொருத்தும் வேலைக்குப் போய்விடுவார். அடுப்புக் கடைக்கு வெயில் காலத்தில் யார் வருவார்கள்? முதல் பனி கொட்டினால்தான் ஆட்களுக்கு அடுப்பு நினைவுக்கு வரும். அந்த வருசமும் பூட்ட வெளிக்கிட்டார்.

"யோசியாதையுங்கோ அன்ரி, கடைப் போனை என்ரை செல்லுக்கு மாத்தி விடுறன்," என்றார்.

"நீங்கள் கூரையிலை நிக்கேக்கை அடிச்சால், தம்பி? ஆற்றையோ போனை இரந்து வாங்கி ஒருக்கால்தான் எடுப்பாள்."

யோகனும் பாலாஜியும் அணைந்து கிடந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டொரு நாளில் யோகன் தன் அடுப்பை ட்றக்கில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "ரவி, இதைத் துப்புரவாக்கித் தாரும். சாம்பலை உள்ளை விட்டால் வெயில் காலத்து ஈரம் குடிச்சு இரும்பைத் தின்னுமாம்."

"ஆர் சொன்னது?"

"பாலாஜி இன்ரனெற்றிலை வாசிச்சவர்."

பாலாஜி தலையாட்டினார். "ஆமாங்க. என்னோடதையும் கொண்டு வர்றேன். என் ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் சொல்லியிருக்கேன்."

ரவி என்னைப் பார்த்தார். "வேலை வந்தால் எப்பிடி அன்ரி பூட்டுறது? இந்தாங்கோ கடைத் திறப்பு, நீங்கள் வைச்சிருங்கோ. காலமை திறந்து அடுப்புகளைக் கழட்டுங்கோ, நான் பின்னேரம் வந்து பாக்கிறன்."

அப்படித்தான் கடை திறந்து கிடந்தது. ஒவ்வொரு காலையும் நான் போனுக்குப் பக்கத்தில் இருந்து சாம்பல் அள்ளினேன். ஒருநாள் யோகன் அதே அடுப்பைத் திரும்பவும் கொண்டு வந்தார். கதவைத் திறந்தேன். உள்ளே மாப் போன்ற சாம்பல் இல்லை, கட்டி கட்டியாகக் கரி. அதற்குள் ஒரு கோழி எலும்பு.

"யோகன், வீட்டிலை பார்பிக்யூ நல்லா நடந்ததோ?"

அவர் மேலே முகட்டைப் பார்த்தார். "ஓகர் சத்தமும் ஒரு மாதிரிக் கிடக்கு, அக்கா. ஆறுதலா வடிவாப் பாருங்கோ. அவசரமில்லை."

நான் எலும்பை எடுத்து வாளிக்குள் போட்டுவிட்டு, முழு அடுப்பையும் கழற்றினேன். கண் நிறைந்து திருகாணி தெரியவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்தது என்றார்கள். போன் வரவில்லை. ஆனி பிறந்து, கடைக்குள் வெக்கை. கதவைத் திறந்து விட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் எந்த பெலற் கூடச் சூடு தரும் என்று சண்டை பிடித்தார்கள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் மணி அடித்தது. நான் வாக்கியூம் மெசினால் சாம்பல் இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. பாலாஜி பாய்ந்து வாக்கியூமின் வயரைப் பிடுங்கினார். கரிக்கையோடு போனை எடுத்தேன்.

"அக்கா?"

"ஓம், நான்தான். நான்தான், கமலம்."

"முகாமுக்கை இருக்கிறன். உயிரோடை இருக்கிறன். இது ஒரு ஆளின்ரை போன், வைக்கப் போறன். குமரன் சாப்பிடுறானோ?"

"சாப்பிடுறான்," என்று சொன்னேன். அன்றிலிருந்து அது பொய்யில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். யோகன் வெளியே போய் ட்றக்கின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாலாஜி சொன்னார், "அம்மா, இன்னைக்கு டீ நான் போடுறேன். நீங்க உக்காருங்க."

வருசங்கள் கழித்துக் கமலம் இங்கே மகனிடம் வந்து சேர்ந்தாள். பாலாஜி வாசித்ததும் உண்மைதான். சாம்பல் எடுத்து வைத்த அடுப்புகள் ஒன்றும் அடுத்த மாரியில் துருக் கறள் பிடித்து நிற்கவில்லை. பிறகு ரவியின் கடையில் பனி போன கையோடு துப்புரவாக்குவது வழமையாகிவிட்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் அதுதான்: அடுப்பை அணைத்த கிழமையே சாம்பலை எடுங்கள், குளிர் வரட்டும் என்று இருக்காதீர்கள். அதோடு, துப்புரவு தேவையில்லாத அடுப்பை ஒருவர் தூக்கிக்கொண்டு வந்தால் ஏன் என்று கேட்காமல் துடைத்துக் கொடுங்கள். அந்த மூன்று பேருக்கும் நான் நேரே நன்றி சொன்னதில்லை. சொல்ல விட மாட்டார்கள், உடனே பெலற் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதினேன்.

ஆரணி, பேத்தி, இஞ்சை வா. ரெலிபோனை வைச்சிட்டு இதை எனக்கு முதலிலை இருந்து வாசிச்சுக் காட்டு. கெதியா வாசியாதை, அம்மம்மா கேக்க வேணும். அந்த மூண்டு பிள்ளையளின்ரை பேரை மட்டும் நல்லாச் சத்தமா வாசி.