ஆபீசர் வருகிறார் என்று அடித்த சுண்ணாம்பு

எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பழக்கம் உண்டு. பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அடிக்காத சுண்ணாம்பை, பெரிய ஆபீசர் வருகிறார் என்றால் ஒரே நாளில் அடித்துவிடுவோம். பாதையோரச் செங்கல்லுக்கு வெள்ளை, அதன் விளிம்புக்குக் காவி, வாசலில் கோலம். யாரும் சொல்லத் தேவையில்லை. ஆவடியில் நான் இருந்த வரைக்கும் அப்படித்தான்.

எண்பதுகளின் கடைசி அது. தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நான் மேற்பார்வையாளன். எங்கள் பிளாக்கின் கூரை முழுவதையும் கொத்திப் புதிதாகப் பூசியாயிற்று என்று காட்டி, காண்டிராக்டரும் என் மேலதிகாரியும் பில்லைப் பாஸ் பண்ணிக்கொண்டார்கள். ஒரு கரண்டி சிமெண்ட் கூட வந்து சேரவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கூரைக்குக் கீழே, மேல்மாடியில், குடியிருந்ததே நான்தான். ஈரம் குடித்து உப்பிப்போயிருந்த படுக்கையறைப் பூச்சு ஒரு நாள் பெயர்ந்து என் மகளின் தலையணை மேல் விழுந்தது. நல்ல வேளை, பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

மறுநாளே லீவு போட்டுவிட்டு நகரத்துக்குப் போய், ஊழலை விசாரிக்கும் விஜிலென்ஸ் அதிகாரியிடம் நேரில் சொன்னேன். காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"உங்க பேர் வெளிய வராது சார். சும்மா பாக்க வர்ற மாதிரி வர்றேன். நீங்க மட்டும் வாயைத் தொறக்காதீங்க," என்றார்.

புகார் சொன்னவனைக் காக்க அப்போது சட்டமா இருந்தது? அவர் சொன்ன அந்த வார்த்தைதான் இருந்தது.

அவர் வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. நாளைக்குப் பெரிய ஆபீசர் குவார்ட்டர்ஸ் பார்க்க வருகிறார் என்று பியூன் சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான். நான் டியூட்டி முடிந்து வந்தபோது பிளாக்கே வாளியும் மட்டையுமாக நின்றது. என் படுக்கையறையில் ஸ்டூல் போட்டு ஏறி, எதிர்வீட்டு வெல்டர் கூரைப் பொத்தலை ஒரு கை சிமெண்டால் அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க இதெல்லாம், விடுங்க," என்றேன்.

"சும்மா இரு அண்ணாத்தே. பிளாக்ல ஒரு ஊடு மட்டும் கறுப்பா கீதுன்னா ஆபீசர் இன்னா நெனப்பாரு? உனக்குத்தான் அசிங்கம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அடிக்காதே என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் நான்தான் என்பது தெரிந்துவிடும். என்னைக் காப்பாற்றக் கொடுத்த வார்த்தையே என் வாயைக் கட்டிப்போட்டது. சே, என்ன பிழைப்பு!

மறுநாள் அந்த விஜிலென்ஸ் அதிகாரி வந்தார். பக்கத்திலேயே என் மேலதிகாரி, சிரித்த முகமாக. படுக்கையறையில் அண்ணாந்து பார்த்தார்கள். பளீரென்ற வெள்ளை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "நல்லாத்தானே இருக்கு," என்றவர், வெல்டர் மனைவி கொடுத்த பாயசத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. மேலதிகாரி செக்‌ஷனில் எல்லாருக்கும் முன்னால் கேட்டார்: "என்னப்பா, மக தலகாணியெல்லாம் சௌக்கியமா?"

அந்தத் தலையணைக் கதையை விஜிலென்ஸ் அதிகாரியைத் தவிர வெளியில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. கொஞ்ச நாளில் மாற்றல் உத்தரவு, வடக்கே பாஷை தெரியாத ஊருக்கு. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, மனைவியையும் மகளையும் நெமிலிச்சேரியில் வாடகை வீட்டில் வைக்க வேண்டியதாயிற்று. இப்போது சட்டமெல்லாம் வந்துவிட்டது என்கிறார்கள். வரட்டும். எனக்குக் கேட்கவே அலுப்பாக இருக்கிறது.

சாமான் ஏற்றிய அன்று, எங்கள் வீடு யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அந்த இளைஞன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்தான். கூரையைப் பார்த்து அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"ஊடு புச்சு மாதிரி கீதுண்ணா," என்றவன், படுக்கையறைக் கொக்கியில் தூளிக் கயிற்றை மாட்டப் போனான்.

"அங்க வேணாம்பா."

"ஏண்ணா? சூப்பரா கீது."

மறைத்துவைக்க இனி எனக்கு என்ன இருக்கிறது? அவர்களை அறை வாசலுக்கு அனுப்பிவிட்டு, ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையில் ஓங்கி இடித்தேன். பூச்சு பெரிய தட்டாகப் பெயர்ந்து தரையில் விழுந்து நொறுங்கியது. மேலே துருப்பிடித்த கம்பிகள் தெரிந்தன.

அந்தப் பெண் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அவன் கம்பிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இம்மாம் நாளா இது தெரிஞ்சும், யாராண்டயும் சொல்லலியாண்ணா?" என்று கேட்டான்.

கம்பை அவன் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன்.