மூன்றாம் ஞாயிறு ஓலை

பெமிலா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது சபையில் ஓலை வாசித்தபோது. கலியாணத்துக்கு முன்னால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே, போதகர் மாப்பிள்ளை பெண் பேரை வாசிப்பார். தடை ஏதும் அறிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு, “ராஜபாய் மகன் ஷிஜினுக்கும், பாலூர் பெமிலாவுக்கும்” என்று வாசித்தார். ராஜபாய் எனக்குப் பெரியம்மை மகள். பாலூர்க்காரி யார் பிள்ளை என்று பக்கத்தில் விசாரித்தேன். அவளுடைய தகப்பன், என் சித்தப்பா மகனுக்கு மச்சினன். அப்படியானால் வேண்டப்பட்ட இடம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷிஜின் பெயிண்டிங் வேலைக்குப் போவான். கட்டி வந்தவளை நன்றாக வைத்திருந்தான். பிள்ளை ஸ்மைலின் பிறந்து அது நடக்கத் தொடங்கிய சமயம், களியக்காவிளையில் வேலை முடிந்து பைக்கில் திரும்பியவனை, கல் ஏற்றிப் போன டிப்பர் லாரி அடித்துப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே உயிர் இல்லை.

அடக்கம் கழிந்த பிறகு, குழித்துறை கோர்ட்டில் நஷ்டஈட்டுக்குக் கேஸ் போட்டார்கள். பொன்னுலிங்கம் வக்கீல்தான் நடத்தினார். பெண்டாட்டி, பிள்ளை, பெற்ற தாய், மூன்று பேருக்கும் பங்கு உண்டு என்றார். லாரிக்காரனுக்குப் பதில் இன்சூரன்ஸ் கம்பெனி எதிர்த்து நின்றது. ஷிஜினுக்கு நாள்கூலி என்ன என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கூட வேலை பார்த்த கண்டிராக்டர், “எனக்கு கோர்ட்டுன்னா பயமாக்கும்” என்று கையை விரித்துவிட்டான். அவனை இழுத்து வரவே ஒரு வருஷம் போயிற்று. பிறகு ஜட்ஜுக்கு மாற்றல். பிறகு கொரோனா.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாமியையும் மருமகளையும் கோர்ட்டுக்குக் கொண்டு போனது ஜெபிஷின் ஆட்டோ. ஜெபிஷ் ஷிஜினுக்குக் கூட்டாளி. அவனுடைய பெண்டாட்டி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தாள், பிள்ளை இல்லை. ஒரு நாள் நேராக ராஜபாயிடம் வந்து, பெமிலாவைக் கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். ஒளிவுமறைவு இல்லாத பையன்.

ராஜபாய் மருமகளைக் கூப்பிட்டு உட்கார்த்தினாள்.

“கெட்டிக்கோ மக்கா. எனக்க மவனுக்கு இனி நீ கஞ்சி வைக்கப் போறியா?”

பெமிலா தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்போதுதான் ராஜபாயின் அண்ணன் ரசலையன் உள்ளே வந்தான்.

“அடுத்த கலியாணம் கழிச்சா கேஸு அந்தாலப் போச்சு, கேட்டியா பிள்ள? எனக்க கொழுந்தியாளுக்கு மாப்பிள்ள செத்தப்போ பென்ஷன் கெடச்சுது. ரெண்டாவது ஒருத்தன கெட்டினா. அடுத்த மாசமே நிறுத்திப் போட்டான். நான் கண்ணால கண்டதாக்கும்.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னான்.

“அப்ப கேஸ் முடியட்டும் மாமி,” என்றாள் பெமிலா. “பிள்ளைக்க பைசாவாக்கும். அதுல நான் கை வெக்கக்கூடாது.”

வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளை செத்ததற்கு நியாயம் கேட்டுப் போன இடத்தில், இன்னொருவனைக் கட்டலாமா என்று ஒருத்தி எப்படிக் கேட்பாள்? ஜெபிஷ், “நான் கேக்கட்டா?” என்றதற்கு, “ஆட்டோக்காரனுக்கு இதுல என்ன காரியம்னு அவரு கேட்டா நீங்க என்ன சொல்லுவிய?” என்று தடுத்துவிட்டாள். ஒரு தடவை வக்கீல் ஆபீசில் அவளே துணிந்தாள்.

“ஸார், ஒரு சம்சயம்.”

“சொல்லும்மா.”

குமாஸ்தாவும் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“அடுத்த வாய்தாவுக்கு பிள்ளையையும் கொண்டு வரணுமா?”

இதை அவளே பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பென்றும் சொல்ல முடியாது.

அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய நாளில், கம்பெனி வக்கீல் கேட்டார்: “மறுமணம் செஞ்சுக்கிட்டீங்களா?”

“இல்ல.”

“செய்ற உத்தேசம் உண்டா?”

“இல்ல.”

சத்தியம் செய்து ஏறிய இடத்தில் அந்த ஒரு பொய்யைத்தான் சொன்னாள். வெளியே வந்ததும் ரசலையன், “கண்டியா? நான் சொன்னம்லா?” என்றான். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

பிறகு ஜெபிஷின் அம்மை குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து படுக்கையானாள். மலம் மூத்திரம் எடுக்க வீட்டில் பெண் துணை இல்லை. அவன் கடைசியாக வந்து கேட்டான்.

“கேஸ் முடியட்டும்,” என்றாள்.

“கேஸ் அதுபாட்டுக்கு கெடக்கும் பெமிலா. அம்மை கெடப்பாளா?”

 அவன் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான்.

மேல்புறம் ஊர்ப் பெண் ஒருத்தியோடு அவனுக்கு எங்கள் சபையிலேயே ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு பெமிலா வந்திருந்தாள், மடியில் பிள்ளையோடு. நான் பின் வரிசையில் இருந்தேன். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் சொன்னதும், ராஜபாய் மருமகளை முழங்கையால் இடித்தாள்.

“ஏட்டி, எழும்பிச் சொல்லு.”

“என்னத்த சொல்ல? வேண்டாம்னு சொன்னது நானில்லியா மாமி?”

“சவத்துக் கேஸு,” என்றாள் ராஜபாய். சத்தமாகவே திட்டிவிட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுப் புஸ்தகத்தைத் திறக்கச் சொன்னார்கள். பெமிலாவும் திறந்து பாடினாள்.

அந்த வருஷ மழைக்காலத்தில் தீர்ப்பு வந்தது. பிள்ளையின் பங்கைப் பதினெட்டு வயது வரை பாங்கில் போடச் சொல்லி, மற்ற இரண்டு பேருக்கும் தனித்தனியே கொடுத்தார்கள். வக்கீல் சந்தோஷமாக இருந்தார். ராஜபாய்தான் கேட்டாள்.

“ஸாரே, இனி இவ கலியாணம் கழிச்சா பைசாவத் திருப்பிப் பிடிப்பாவளா?”

“அதெப்படிம்மா பிடிப்பாங்க? கேஸ் நடக்கும்போதே கட்டியிருந்தாலும் இவ பங்கு போகாது. புருஷன் செத்த அன்னைக்கே வந்த உரிமை அது. பென்ஷன் மாதிரி இல்ல.”

“கோர்ட்டுல கேட்டாவளே?”

“கேட்பாங்க. எதையாவது சொல்லிக் குறைக்கப் பார்ப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லத்தானே நான் இருக்கேன்? ஏன், இவ்வளவு நாள் இதையா நினைச்சுட்டு இருந்தீங்க?”

பெமிலா, “இல்ல ஸார், சும்மா கேட்டதாக்கும்,” என்றாள். மாமியின் கையைப் பிடித்துப் படியிறங்கினாள்.

ரசலையன் அன்று சாயங்காலம் வந்து நடையிலேயே நின்றான். “பென்ஷனக் கண்டுதான் சொன்னேன் மக்கா,” என்றான். “உள்ள வாருங்க மாமா,” என்று அவள் சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் பாதிதான் குடித்தான்.

அதன் பிறகு இரண்டு மூன்று இடம் பேச்சு வந்தது. எல்லாவற்றுக்கும், “இனி எனக்கு வய்யா மாமி,” என்று மறுத்துவிட்டாள். வந்த இடங்களும் பாங்கில் கிடப்பதைத்தான் முதலில் விசாரித்தன.

பெமிலா இப்போது ராஜபாயோடு அதே வீட்டில் இருக்கிறாள். முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும் அண்டி ஆபீசுக்குத் தினமும் போய் வருகிறாள். ஸ்மைலின் பள்ளிக்கூடம் போக வேறு ஆட்டோ வைத்திருக்கிறார்கள்.