ஒன்றேகால் அடிப் பள்ளத்தில் ஒரு பச்சைக் கார்

ஹுமாயூன் பாயின் கார் வெயிலைப் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

தண்டையார்பேட்டையில் அவர் வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருக்கிறேன். என் அறைக்கு நேர் கீழே, ஷட்டர் போட்ட கொட்டகையில் அது நிற்கிறது. இரண்டே கதவு, தாழ்ந்த மூக்கு, தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வயிறு. ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில், முன்பக்கம் நசுங்கி, கூறு போடக் காத்துக் கிடந்ததாம். பெயின்ட் வாங்கப் போன பாய் பெயின்டை மறந்துவிட்டு அதை வாங்கி வந்தார்.

பதினான்கு வயதிலிருந்து பாய்க்கு வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பதுதான் தொழில். இப்போது மணலியில் டிரெய்லர் லாரிகளுக்கு அடிக்கிறார். வருடம் முழுக்க ஒரே மஞ்சள், ஒரே காவி. தன் காருக்கு மட்டும் தானே கலந்து கலந்து ஒரு கரும்பச்சையைக் கண்டுபிடித்தார். நிழலில் பார்த்தால் கறுப்பு போல இருக்கும். வெயில் பட்டால் உள்ளே பொடிப்பொடியாகப் பொன் மினுங்கும். அந்தக் கலவை எந்த டப்பாவிலும் கிடையாது. அவர் எழுதி வைக்கவும் இல்லை. மகள் உஸ்மா அந்தக் காரின் பம்பரைப் பிடித்துத்தான் நடை பழகினாள். இன்று அவள் ஆம்பூரில் இருக்கிறாள். போனில் முதலில் காரைத்தான் விசாரிப்பாள் என்று அவள் அம்மாவுக்குக் குறை.

ஐந்து வருடத்துக்கு முன்பு, பதிவைப் புதுப்பிக்கப் போய்த் திரும்பியவர் காரைக் கொட்டகைக்குள் விட்டு ஷட்டரை இறக்கினார். அடுத்த மாதம் சந்தில் குழாய் பதித்தார்கள். பதித்த கையோடு சிமென்ட் சாலை போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, பழையதைச் சுரண்டாமலே அதன் தலையில் இன்னொன்று. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாசலை உயர்த்திக்கொண்டார்கள். பாயின் கொட்டகை மட்டும் சாலைக்கு ஒன்றேகால் அடி கீழே போய்விட்டது. தரையை உயர்த்த வேண்டுமென்றால் கார் வெளியே போக வேண்டும். கார் வெளியே போக வேண்டுமென்றால் தரை உயர வேண்டும்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிடலாம் என்று பாயின் மனைவி மலிகா அக்காவின் தம்பி ரஹீம் போன மாதம் வந்தார். மெக்கானிக். இடப்பக்கச் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம். அவர் நுழைந்த வேகத்தில் பெல்ட் பக்கிள், முன்சக்கரத்துக்கு மேலே ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இழுத்தது.

“இன்னாடா பண்ணே?”

“தேச்சா பூடும் மச்சான். இத்தினிக்கூண்டு.”

“அதே இத்தினிக்கூண்ட உன் மூஞ்சில போடவா? ஜாக்கியும் வாணாம், செங்கல்லும் வாணாம். இனிமே ஒருத்தன் வண்டி சைடுல நொயையக் கூடாது.”

கீறல் மட்டும் என்றால் பரவாயில்லை. மறுபடி பதிவைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. காரை நேரில் காட்டக் கொடுத்த இரண்டு தேதிகளும் தவறிவிட்டன. மூன்றாவது, வரும் செவ்வாய்க்கிழமை. அதுவும் தவறினால் பதிவு போய்விடும் என்றார் பாய். “அப்பால இன்னா? வந்த வயிலே சாத்தாங்காடு.” அதைச் சொன்னபோது அவர் காரைப் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். ஊரில் பட்டா மாறுதலா, முதியோர் பென்ஷனா, எல்லா மனுவும் என் கையால்தான் போகும். போனது திரும்பி வந்ததில்லை. “பாய், அதிகாரியே இங்கே வந்து பார்க்கணும்னு ஒரு மனு போடுவோம். போட்டோவும் வச்சு அனுப்புவோம்” என்றேன். எண்ணூரில் கப்பலேறும் புதுக் கார்களில் எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று படமெடுத்துப் பதிவதுதான் என் வேலை. காரைப் படமெடுப்பதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாய் யோசித்தார். “போட்டோ எடு நைனா. ஆனா கீறலோட எடுக்காதே. ஒரு நாளு டைம் குடு.”

அந்த ஒரு நாளை நான் மறக்க மாட்டேன். டியூப் லைட்டில் அந்தப் பச்சைக்கு ஒத்த நிறத்தைக் கலக்க முடியாது, வெயில் வேண்டும். சந்துக்குள் வெயில் இறங்குவதோ பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. கொட்டகைக்குள் அது எட்டியும் பார்க்காது. பாய் பீரோ கண்ணாடியைக் கழற்றி மலிகா அக்காவின் கையில் கொடுத்துச் சாலையில் நிறுத்தினார். அக்கா வெயிலைப் பிடித்து உள்ளே அடித்தார். ஒரு தட்டு அளவு வெளிச்சம், சக்கரத்துக்கு மேலே நடுங்கிக்கொண்டு நின்றது.

“கொஞ்சம் மேல. ஆடாதே.”

“நானா ஆடுறேன்? கை ஆடுது. கல்யாணத்தன்னிக்கு மூஞ்சி பாக்கக் குட்த்த கண்ணாடியகூட நான் இம்மா நேரம் புடிக்கல.”

“அன்னிக்கு ஒரு பார்வையிலயே புட்ச்சிப் போச்சு இல்ல?”

“க்கும். வேலையப் பாருங்க.”

பாய் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியால் மட்டும் தேய்த்தார். ஒரு துளி கலப்பார், குச்சியில் தொட்டு கீறலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், துடைத்துவிட்டு மறுபடி கலப்பார். பதினேழாவது கலவையில் தலையாட்டினார். சிறிய ஸ்பிரே துப்பாக்கியால் மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தார். மாலையில் பாலிஷ் போட்டு முடித்தபோது கீறல் எங்கிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு, அதே கண்ணாடி வெளிச்சத்தில் படமெடுத்தேன். குப்புறப் படுத்து, மூக்கின் வளைவு முழுதாகத் தெரியும்படி. ஓதம் ஏறிய சுவரை ஒதுக்கினேன். வாசலில் உயர்ந்து நின்ற சாலையின் சிமென்ட் விளிம்பைப் படத்திலிருந்து வெட்டினேன். படத்தில் கார் ஏதோ பெரிய பங்களாவில் நிற்பது போலிருந்தது. பாய் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“மெய்யாலுமே இது என் வண்டியா தோஸ்து?”

திங்கட்கிழமை மனுவோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நானே போனேன். அங்கிருந்த எழுத்தர் மனுவைவிடப் படங்களை அதிக நேரம் பார்த்தார். “சூப்பரா இருக்கே வண்டி! இப்படி ஒரு வண்டிய ஓட்டிட்டு வர்றதுக்கு என்ன?”

“பள்ளத்துல மாட்டியிருக்கு சார். மனுவுல எழுதியிருக்கேன்.”

“எங்கே பள்ளம்?”

படத்தை என் பக்கம் திருப்பினார். நான்கு படத்திலும் பள்ளம் இல்லை. “நாளைக்குக் கொண்டாங்க தம்பி” என்று மனுவைத் திருப்பிக் கொடுத்தார். நான் எழுதித் திரும்பி வந்த முதல் மனு அது.

செவ்வாய்க்கிழமை காலை, காசிமேட்டிலிருந்து இரண்டு படகுப் பலகைகளை வாங்கி வந்து சாய்த்துப் போட்டோம். ரஹீமும் வந்தார், பெல்ட் இல்லாமல், லுங்கியில். இருந்தும் பாய் அவரைப் பத்தடி தள்ளித்தான் நிற்க வைத்தார். பாய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். வாராவாரம் அவர் ஓடவிட்டு வைத்த என்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. மூக்கு பலகையைத் தொட்டும் தொடாமலும் ஏறியது. முன்சக்கரங்கள் சாலையைத் தொட்டன. சந்தே கைதட்டியது. அப்போது ஒரு பலகை வழுக்கிக்கொண்டு போனது. தகரத்தைக் கிழிப்பது போல ஒரு சத்தம். சிமென்ட் விளிம்பில் காரின் வயிறு உட்கார்ந்துவிட்டது. பின்சக்கரங்கள் சும்மா சுற்றின. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை.

பாய் கதவைத் திறக்கப் பார்த்தார். அந்த நீளக் கதவுகள் இரண்டும் வாசல் சுவர்களுக்கு நடுவே இருந்தன. ஒரு விரல்கூடத் திறக்கவில்லை.

எதிர்வீட்டு முத்தம்மா இட்லித் தட்டோடு வெளியே வந்தார். “இன்னா பாயி, கப்பலு தர தட்டிக்கிச்சா? ஜன்னலத் தொற, ரெண்டு இட்லி வாங்கிக்க. எப்ப வருவியோ.”

பாய் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு காரின் முன்பாதி வெயிலில் நின்றது. அந்தப் பச்சைக்குள்ளிருந்த பொன் முழுக்க எழுந்து வந்தது. சின்னக் கண்ணாடி வெளிச்சத்தில் நான் பார்த்ததெல்லாம் ஒன்றுமில்லை.

“மலிகா!” உள்ளேயிருந்து குரல். “டச்சப் பண்ண எடம் வெயில்ல எப்டி கீது? ஒட்டிக்கினு கீதா?”

ஒட்டவில்லை. சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அளவுக்கு நிறம் ஒரு சாயல் கூடியிருந்தது, பொன் குறைவு. அக்கா பார்த்தார். நானும் பார்த்தேன். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

“ஒண்ணாத்தான் கீதுங்க” என்றார் அக்கா.

நான் எதிர்வீட்டுப் படியில் ஏறிப் படமெடுத்தேன். உயர்ந்த சாலை, பள்ளத்தில் பாதி கார், வழுக்கிய பலகை, கண்ணாடிக்குப் பின்னால் வியர்த்த முகம், இட்லித் தட்டு. எதையும் வெட்டவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடினேன்.

எழுத்தர் போனை வாங்கிப் பார்த்தார். “உள்ளே யாரு?”

“ஓனர் சார்.”

“எப்ப எடுத்தது?”

“முக்கால் மணி ஆச்சு. இன்னும் உள்ளேதான் இருக்கார்.”

அவர் எழுந்து போனோடு உள்ளறைக்குப் போனார். உள்ளே யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

பகல் ஒரு மணிக்கு ஆய்வாளர் பைக்கில் வந்தார். குனிந்து நம்பர்களைச் சரிபார்த்தார். ஜன்னல் வழியாகவே விளக்கு, ஹாரன் எல்லாம் போடச் சொன்னார். “பிரேக் பார்க்கணுமே” என்றார்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. மூக்கைப் பிடித்து மறுபடி பள்ளத்துக்குள் தள்ள வேண்டும். பாய் கண்ணை மூடிக்கொண்டார். “மோதரம், வாச்சு, தாயத்து எல்லாத்தையும் கயட்டுங்கடா. துணி வச்சுப் புடிங்க. ரஹீமு, நீயும் வா.” எட்டுப் பேர் சேர்ந்து தூக்கித் தள்ளினோம். வயிறு இன்னொரு தடவை கிழிபடும் சத்தத்தோடு கார் பின்னால் உருண்டது. பின்சுவருக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று நின்றது.

“பிடிக்குது” என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டார். “இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அதுக்குள்ள தரையை ஏத்துங்க பாய்.”

இருட்டுக்குத் திரும்பிய காரிலிருந்து பாய் இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

பத்து நாளில் சான்று வந்தது. பொதுச் சாலையில் ஓட ஐந்து ஆண்டுகளுக்குத் தகுதியுடையது. ஜாக்கியோடு நாளைக்கே வருகிறேன் என்று ரஹீம் போன் செய்தார். பாய் என் போனைக் கேட்டார். அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, முன்சக்கரத்துக்கு மேலே கொண்டு போய் நிறுத்தினார்.

“நீ அன்னிக்கே பாத்துக்கினே இல்ல?”

“பார்த்தேன் பாய்.”

“அவளும்?”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஜாக்கி அப்பால. மொதல்ல இத்த சரி பண்ணணும்.”

மறுநாள் பதினொரு மணிக்கு, வெயில் சந்துக்குள் இறங்கியபோது, மலிகா அக்கா பீரோ கண்ணாடியோடு சாலையில் நின்றிருந்தார்.