மூட்டுவாத மாத்திரையும் என் நெஞ்சும்

அவிநாசியப்பனை நம்புகிற அன்பர்களுக்கு வணக்கம்.

போன தை மாதம் எனக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தது. முதல் முறையே ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கொழுப்பும் கட்டுக்குள்தான் இருந்தது. பிறகு ஏன் வந்தது என்று அழுதேன். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, "ரத்தக்குழாய்க்குள்ள அழற்சி அடங்கலீங்க" என்றார். மற்ற மாத்திரைகளோடு கோல்ச்சிசின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்தார். மூட்டுவாதத்துக்குக் கொடுப்பதுதானாம். உள்ளே இருக்கும் அழற்சியைத் தணித்து, இன்னொரு மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்குமாம்.

வீட்டுக்கு வந்ததும் எங்கள் பஜனைக் குழுவை நடத்துகிறவர் ஒரு பாட்டிலோடு வந்தார். உள்ளே கறுப்பாக ஏதோ கஷாயம். மூடியைத் திறந்ததும் அழுகிய நாற்றம். என் மாத்திரைகளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க அம்மணி, மூட்டுவாத மாத்திரைய நெஞ்சுக்குத் தர்றாங்கன்னா ஏமாத்துறாங்கன்னு தெரியலீங்களா? எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு இதக் குடிங்க. அப்பன் மேல நம்பிக்கை இல்லீங்களா?"

என் கணவர் அதை அப்படியே நம்பி, காசு கொடுத்து வாங்கினார். மாத்திரைகளை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு மடக்குக் குடித்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாமி பெயரைச் சொல்லி விற்ற அந்த வாய் அதைவிடக் குமட்டியது. பூஜை அறையில் உட்கார்ந்து, "அப்பா, என் வீட்டு மனுஷன் கண்ணைத் திறந்துவிடு" என்று கேட்டேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை எனக்கு நெஞ்சு படபடத்தது. கணவர் பயந்துபோய் கோவை ஆர்.எஸ்.புரத்தில் உள்ள டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்துக் கவுன்ட்டரில் அதே பஜனைக்காரர் நின்றிருந்தார். மருந்து கொடுக்கிற பெண் அவரிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"இது கோல்ச்சிசினுங்க. நெஞ்சுக்குத்தான். போன மாசம் மாதிரியே சாப்பிடுங்க."

என் கணவர் பக்கத்தில் போய், "அப்ப அந்தக் கஷாயம் யாருக்குங்க?" என்று கேட்டார்.

"எனக்குச் சூட்டு ஒடம்புங்க. கஷாயம் ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக நடையைக் கட்டினார்.

என் பிரார்த்தனைக்குப் பதில் அந்த இடத்திலேயே கிடைத்தது. டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்து, இது மாரடைப்பு இல்லை, மாத்திரைகளை இன்றே மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும் கணவர் கஷாயத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, பீரோவைத் திறந்து மாத்திரைகளை என் கையில் கொடுத்தார். அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு இன்றுவரை எனக்கு மாரடைப்பு வரவில்லை. கோவிலுக்குப் போகிறேன், அந்த பஜனைக்கு மட்டும் போவதில்லை. அந்த ஆளை நினைத்தால் இப்போதும் அருவருப்பாகத்தான் இருக்கிறது. அப்பனை நினைத்தால் கண் நிறைகிறது. நீங்களும் அவனிடம் கேளுங்கள், நிச்சயம் கொடுப்பான். டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவன் பெயரைச் சொல்லிப் பாட்டிலை நீட்டுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.